வருஷத்துக்கு நூறு அடி

புதைத்த நாற்பத்தோராம் நாள் அழகுமலை முளைத்தான். 2015ஆம் வருஷம், ஐப்பசி நாலாம் தேதி. அன்றைக்குக் கீரமங்கலம் பூச்சந்தையில் மல்லிகை கிலோ இருநூற்றெண்பதுக்குப் போனது. வேம்பங்கொல்லை இடுகாட்டுப் பக்கம் ஆடு ஓட்டிப்போன இன்னாசியம்மாள்தான் முதலில் பார்த்தவள். மண்மேட்டின் மேல் ஆறடி நீளத்துக்கு, இரண்டு கை இரண்டு காலோடு, ஓர் ஆள் மல்லாந்து படுத்திருக்கும் அளவில் கோரை முளைத்திருந்தது. சாண் உயரம் இருக்கும். சுற்றிலும் வேறு ஒரு புல்லும் இல்லை. அவள் ஆடுகளை அங்கிட்டு விரட்டிவிட்டு ஊருக்குள் வந்து, ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள். வரிசை அப்படியே கலைந்து இடுகாட்டுக்குப் போனது. இடது தோள் கொஞ்சம் சரிந்திருந்ததைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. சின்ன வயதில் வைக்கோல் போரிலிருந்து விழுந்ததில் அழகுமலைக்கு அந்தத் தோள் இறங்கியிருந்தது. ஆமாம், அவன்தான் என்று சொல்லிவிட்டு எல்லோரும் திரும்பி வந்து மறுபடியும் வரிசையில் நின்றார்கள். யார் முன்னால் நின்றது என்பதில் இரண்டு பேருக்குள் சண்டை வந்ததுதான் மிச்சம்.

புதைத்தது அவன் உடம்பை அல்ல. உடம்பு கிடைக்கவில்லை. கத்தார் பக்கம் கடலில் மணல் அள்ளும் கப்பலில் அவன் ஐந்து வருஷமாக வேலை பார்த்தான். ஆடி மாதம் ஒரு நாள் கயிறு மாற்றும்போது தவறி விழுந்தான். இரண்டு நாள் தேடிவிட்டு விட்டுவிட்டார்கள். அவன் மனைவி வனிதாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, மகள் இளமதிக்கு மூன்று. வனிதா அழுத அழுகையை ஊர் பார்த்தது. ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. விழுவதற்குப் பத்தொன்பது நாள் முன்னால் அவன் போனில் பேசினான்.

"வனிதா, ஒரு நடை வந்துட்டுப் போறேன். புள்ள மொகம் கண்ணுலயே நிக்கிது."

அந்தச் சமயம் புதுவீட்டுக்கு மேல்தளம் போட்டு, சுவர் பூசி, தரை மட்டும் மண்ணாகக் கிடந்தது. "டைல்ஸ் மட்டுந்தாங்க பாக்கி. இன்னும் ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டு வாங்க. ஒரேயடியா வந்துரலாம்," என்றாள் வனிதா.  அவன் "சரி" என்றான். அதற்கப்புறம் அவள் அவன் குரலைக் கேட்கவில்லை. வரச் சொல்லியிருந்தால், அவன் கடலில் விழுந்த அந்த நேரத்துக்கு இந்த வீட்டு மண்தரையில் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருப்பான். கம்பெனிக்காரன் கொடுத்ததை வைத்து அழகுமலையின் அண்ணன் திருப்பதி முன்னின்று டைல்ஸ் போட்டுக் கொடுத்தான். பளபளவென்றிருந்த அந்தத் தரையில் வனிதாவுக்குக் கால் வைக்கக் கூசியது. ஒரே ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்து, "வாங்க" என்று சொல்லிவிட வேண்டும். இந்த உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்கு வேம்பங்கொல்லையில் நாச்சிக்குளத்துக் கோரையால் ஆள் கட்டிப் புதைப்பார்கள். ஏன் கோரை என்றால், அதற்குக் கணு கிடையாது. கரும்புக்குக் கணு உண்டு, மூங்கிலுக்கு உண்டு, அறுகம்புல்லுக்குக்கூட உண்டு. கோரைத் தண்டு அடியிலிருந்து கதிர் வரைக்கும் ஒரே வீச்சு. விரலில் வைத்து உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். உரித்தால் உள்ளே வெள்ளைச் சோறு. கணு இருந்தால் போகிற உயிர் அங்கங்கே தங்கும், கோரையில் தங்க இடமில்லாமல் நேரே போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. ஆள் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத் தண்டு வேண்டும், ஒட்டுப் போடக்கூடாது. வேரை விட்டு மேலேதான் அறுக்க வேண்டும். பாடை கட்டும் செல்லமுத்து இதிலெல்லாம் கறாரான மனுஷன். ஆனால் அழகுமலைக்கு ஆள் கட்ட வேண்டிய அன்று அவர் மணமேல்குடியில் ஒரு சாவுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். பங்காளிகள் வேன் பிடித்து வந்து காத்துக்கிடக்கிறார்களே என்ற பதற்றத்தில் திருப்பதி தானே குளத்தில் இறங்கினான். அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் குறைவு, கோரையும் குட்டை. தம்பியோ சரியாக ஆறடி. எந்தத் தண்டைப் பிடித்து அளந்தாலும் நாலு விரற்கடை குறைந்தது. தம்பியைக் குட்டையாக்கிப் புதைக்க அவனுக்கு மனசு வரவில்லை. சேற்றுக்குள் கையை விட்டு, வேரோடு, கிழங்கோடு பிடுங்கினான். அளவு கனகச்சிதமாக வந்தது.

மறுநாள் வந்து சேர்ந்த செல்லமுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வேரோடயா புடுங்கின?" திருப்பதி தலையாட்டினான். "தண்டுலதான்டா கணு இல்ல. கெழங்கு பூராவும் கணுதான," என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். முளைத்த சேதி வந்தபோதும் அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. பிடுங்கி எறிந்துவிடலாமா என்று சிலர் கேட்டதற்கு, ஒன்றைப் பிடுங்கினால் பத்தாக வரும், பேசாமல் இருங்கள் என்றார். ஊர் பேசாமல் இருந்தது. வனிதா மூன்றாம் நாள் போய் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தலை இருக்கும் இடத்தில் ஒரு செம்பு அளவுக்குக் குத்தாகக் கோரை நின்றது. இடுகாட்டில் படுத்திருப்பவனைப் பார்த்து வாங்க என்றால் எங்கே வரச் சொல்வது? வாய் வரவில்லை. மாசி மாதம் அது பழுத்துக் காய்ந்து போனது.

2016இல் ஐப்பசி மழை பொய்த்தது. குளம் பாளம் பாளமாக வெடித்தது. அந்த வருஷம் அழகுமலை முளைக்கவில்லை. வனிதா தினமும் பூந்தோட்டத்தில் கூலிக்குப் பூ பறித்துக் கொடுத்துவிட்டு வந்து, அடிபம்பில் இரண்டு குடம் அடித்து இடுகாட்டு மேட்டில் ஊற்றினாள். மார்கழி முழுக்க ஊற்றினாள், தை முழுக்க ஊற்றினாள். ஒரு நறுக்குப் பச்சை தெரியவில்லை. பாவி மனுஷன் இரண்டாம் தடவையும் போய்விட்டானே என்று அவள் அழுதபோது, முதல் தடவையைவிட இதுதான் அதிகம் என்று பக்கத்து வீட்டுக்காரர்களே சொன்னார்கள். செல்லமுத்து அந்த வழியாகப் போனவர் நின்று, "கோரைக்கெழங்கு காஞ்சு கெடக்கும்மா, சாவாது. எத்தன வருசமானாலும் தண்ணிக்குக் காத்துக்கெடக்குற சாதி அது," என்றார். அவள் நம்பவில்லை. குடத்தை மட்டும் விடவில்லை.

2017 ஐப்பசியில் மழை பிடித்தது. அழகுமலை முளைத்தான், ஆனால் மேட்டில் அல்ல. மேட்டுக்குத் தெற்கே, ஒற்றையடிப் பாதையோரம், அதே ஆறடி நீளத்தில், அதே சரிந்த தோளோடு படுத்திருந்தான். கோரை அப்படித்தான் நகரும் என்பது குளத்தில் இறங்கிய எல்லோருக்கும் தெரியும். மண்ணுக்குள்ளேயே வேர்க்கொடி ஓடும், ஓடின இடத்தில் கிழங்கு வைக்கும், கிழங்கிலிருந்து புதுக்குத்து எழும்பும், பழைய குத்து பின்னால் செத்துப்போகும். இவ்வளவு தூரம் ஒரே ஓட்டமாக ஓடினதுதான் புதுசு. வனிதா காலடி வைத்து அளந்தாள். நூறு அடி. தலை தெற்கே பார்த்திருந்தது. தெற்கேதான் வீடு. மேட்டிலிருந்து வீட்டு ஹாலுக்கு எவ்வளவு என்று அன்றைக்கே அளந்தாள்; எண்ணூறு வந்தது. வீட்டுக்கு வந்து, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்த இளமதியிடம், "அப்பா வாராருடி," என்றாள்.

"எப்பம்மா?"

"நீ எட்டாவது படிக்கிறப்ப."

பிள்ளை சரி என்று சொல்லிவிட்டுப் பாடத்தைப் படித்தது. லீவுக்கு வரும் புருஷனுக்கு வெளிநாட்டுக்காரன் பெண்டாட்டிகள் எப்படி நாள் எண்ணுவார்களோ அப்படி வனிதா எண்ண ஆரம்பித்தாள். பொட்டு வைத்துக்கொண்டாள். ஊரில் இரண்டொரு பேர் முணுமுணுத்தார்கள், பிறகு அவர்களுக்கே பழகிவிட்டது.

2018இல் அவன் நல்லதம்பியின் தென்னந்தோப்பில் முளைத்திருந்தபோது கஜா புயல் அடித்தது. தோப்பில் அறுபத்திரண்டு மரம் விழுந்தது. கோரை மண்ணோடு மண்ணாகப் படிந்து கிடந்து மூன்றாம் நாள் எழுந்து நின்றது. விழுந்த மரத்தின் மேல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நல்லதம்பி, "ஒனக்கு மட்டும் எப்புடிடா அழகுமல?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். மறு வருஷம் வாய்க்காலில் வந்தான். 2020இல் விமானம் ஓடவில்லை. வளைகுடாவில் மாட்டிக்கொண்ட ஊர்ப்பையன்கள் பதினோரு பேர் வர வழியில்லாமல் அங்கேயே கிடந்தார்கள். அழகுமலை மட்டும் வழக்கம்போல நூறு அடி வந்தான். அந்தப் பையன்களின் தாய்மார்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து அவனை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி வனிதாவின் கையைப் பிடித்து, நீ கொடுத்து வைத்தவள் என்றாள். 2021இல் ஊருக்குள் சிமெண்ட் ரோடு போட்டார்கள். ஒரு முழம் மட்டும் சந்து விட்டுப் போடச் சொல்லி வனிதா காண்ட்ராக்டரிடம் கெஞ்சினாள். அவர் சிரித்துவிட்டு அரையடி கனத்துக்குக் கொட்டினார். ஐப்பசியில் ரோடு ஓர் ஆள் நீளத்துக்கு விரிந்து அவன் வெளியே வந்தான். பார்க்க வந்த இன்ஜினியர் வெயிலால் வெடித்தது என்று எழுதிக்கொண்டு போனார்.

2022இல் திருப்பதியின் கடலைக்கொல்லைக்கு வந்தான். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த திருப்பதிக்கு அப்போதுதான் பயம் வந்தது. இனி இருநூறு அடி. வீட்டுக்குள் வந்தால் என்னவென்று வருவான்? பிள்ளை பயந்துகொள்ளாதா? தான் செய்த தப்பு தன் வீட்டுப் பக்கமே வந்து படுத்துக்கொண்டதாக அவனுக்குத் தோன்றிவிட்டது. களைக்கொல்லி வாங்கி வந்து அடித்தான். ஒரு மா நிலத்துக் கடலை கருகிப் போனது. கோரை முன்னைக்கு இப்போது இன்னும் பச்சையாக நின்றது. செடிக்கும் புல்லுக்கும் அடிக்கிற மருந்து கோரைக்குக் கேட்காது, அதற்குத் தனி மருந்து என்று கடைக்காரர் சொன்னார். அதையும் வாங்கினான். மருந்தைக் கலக்கி, ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு அவன் கொல்லைக்குள் இறங்கிய நேரத்துக்கு வனிதா பூக்கூடையோடு அந்த வழியாக வந்தாள். கூடையை வரப்பில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கோரைக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"தள்ளிக்க வனிதா. போக வேண்டியவன அலைய விட்டவன் நான். கெழங்கோட புடுங்குனது இந்தக் கை. இந்தக் கையாலேயே முடிச்சி விட்டுர்றேன்."

"மச்சான், அவுங்க அப்பவே வாரேன்னு கேட்டாங்க," என்றாள் வனிதா.  "நாந்தான் வேணாம்னேன். தரை போட்டுட்டு வாங்கன்னேன். அந்தத் தரைக்காகத்தான் அங்கிட்டே இருந்து செத்தாங்க. இத்தன வருசமா இத யார்கிட்டயும் சொல்லல. இப்ப அவுங்களா வாராங்க. நீங்க மறிச்சிராதீங்க, ஒங்க கால்ல விழுகுறேன்."

விழவும் விழுந்தாள். திருப்பதி அவளைத் தூக்கவில்லை. ஸ்பிரேயரைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டு அவனும் கருகின கடலைச்செடிக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். "நாலு வெரக்கடதான் ஆத்தா கொறஞ்சிச்சு. நாலே வெரக்கட. அவன் ஒசரத்தக் கொறைக்க எனக்கு மனசு வரல," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். இரண்டு பேரும் பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார்கள். கூடையிலிருந்த முல்லை வாடிவிட்டது. மறு வருஷம் அழகுமலை வீட்டுக்கு எதிரே மாட்டுக்கொட்டகை ஓரமாக முளைத்தான். வனிதா மாட்டை விற்றாள்.

2024 ஐப்பசி பன்னிரண்டாம் நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் பை மாட்டிக்கொண்டிருந்த இளமதி, "அம்மா, ஹால்ல தரை தூக்குது," என்றாள். வனிதா கடப்பாரையை எடுத்து வந்தாள். டைல்ஸை ஒவ்வொன்றாகப் பேர்த்தாள். அடியிலிருந்த சிமெண்டையும் உடைத்தாள். உள்ளே கோரை மேலே வர வழியில்லாமல், வெளுத்துப்போய், வளைந்து வளைந்து பக்கவாட்டில் ஓடிக்கிடந்தது. எத்தனை நாளாக அப்படி முட்டிக்கொண்டிருந்ததோ. அவள் கையாலேயே ஒவ்வொரு தண்டாக நிமிர்த்திவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஹாலின் நடுவில், ஆறடி நீளத்துக்கு, இடது தோள் சரிந்து, அவன் படுத்திருந்தான். அவள் குளித்து, புடவை மாற்றி, பூ வைத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். "வாங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை சொன்னாள். அன்றைக்கே வரச் சொல்லியிருக்க வேண்டும், புத்திகெட்டவள் சொல்லவில்லை என்றாள். கோரை கோரையாகவே நின்றது. மின்விசிறிக் காற்றுக்குக் கொஞ்சம் அசைந்தது.

"அம்மா, அப்பா எங்கிட்டுப் பாக்குறாரு?" என்று இளமதி கேட்டாள். வனிதா அதைத்தான் அவ்வளவு நேரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். தண்டுக்கு மூன்று பட்டை இருந்தது, எதுவும் முகமில்லை. ஒன்பது வருஷமாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காத்திருந்தாள், சொல்லியாகிவிட்டது, கேட்டதா இல்லையா என்று கேட்டுச்சொல்ல ஆளில்லை. அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இப்படித்தான் அவன் வீடு வந்து சேர்ந்தான்.

இருபது நாளில் கோரையின் நுனி பழுக்க ஆரம்பித்தது. குடம் குடமாக ஊற்றியும் நிற்கவில்லை. செல்லமுத்து வந்து பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ள நிக்கிற சாதிம்மா. வழி நெடுக மழை ஈரத்துல வந்துருச்சு, வீட்டுக்குள்ள தங்காது. பேத்து எடுத்துக்கிட்டுப் போயி கொளத்துல வச்சிரு, நல்லாருக்கும்," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். வனிதா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "வந்தவங்கள திரும்பப் போகச் சொல்ல எனக்கு வாய் கெடையாதுய்யா. ஒரு தடவ சொன்னதே போதும்," என்றாள்.

மறுநாள் அவள் ஹாலில் மிச்சமிருந்த டைல்ஸையும் உடைத்தாள். அதற்கடுத்த நாள் இரண்டு அறை, பிறகு அடுப்படி. தரை முழுவதையும் இடுப்பளவு தோண்டி, கோரையை மட்டும் வேர்மண் கலையாமல் அதே இடத்தில் இறக்கி வைத்து, மண்ணை வெளியே கொட்டினாள். மூன்றாம் நாள் திருப்பதி மண்வெட்டியோடு வந்தான்.  வாய்க்காலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் கால்வாய் வெட்டினான். வாசற்படியைச் செதுக்கி இறக்கினான். கார்த்திகைத் தண்ணீர் சலசலவென்று வீட்டுக்குள் போய் நிறைந்தது. பாத்திரம் பண்டம், பீரோ, இளமதியின் புத்தகங்கள் எல்லாம் பக்கத்தில் போட்ட தகரக் கொட்டகைக்குப் போயின. மழையில் கொட்டகை ஒழுகும். வெயிலில் உள்ளே இருக்க முடியாது. இளமதி அதைப் பற்றி ஒரு தடவைதான் கேட்டாள். அப்பா வீட்டில் அப்பா இருக்கிறார் என்று வனிதா சொன்னதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மார்கழிக்குள் கோரை ஆள் உயரத்துக்கு எழும்பிக் கதிர் விட்டது. ஜன்னல் வழியாகக் கொக்கு வந்து போனது. சமையலறை அலமாரியில் தவளை முட்டையிட்டது. நீர்நிலைக் கணக்கெடுக்க வந்த வி.ஏ.ஓ. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார், குச்சியை விட்டு ஆழம் பார்த்தார், நாச்சிக்குளத்துக்கு அடுத்த வரியில் 'அழகுமலை வீடு, முக்கால் சென்ட், வற்றாதது' என்று எழுதிக்கொண்டார்.

2025 ஐப்பசியில் ஊர் அளவு நாடாவோடு வந்தது. வீட்டுக்குத் தெற்கே நூறு அடியில் கோவிந்தராஜின் வாழைத்தோட்டம். அங்கே போய் வாழைக்கு வாழை நடந்து தேடினார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. திரும்பி வந்து வனிதா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். முழங்கால் தண்ணீரில், போன வருஷம் படுத்த அதே இடத்தில், சரிந்த தோளோடு அழகுமலை முளைத்திருந்தான். இந்த வருஷம் நகரவில்லையே என்று யாரோ கேட்டார்கள். "இங்க வாரதுக்குத்தான நடந்தாங்க," என்றாள் வனிதா. நாடாவைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். அன்று முல்லை நல்ல விலை, பறிப்புக்கு நேரமாகிவிட்டது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தலைமாடு வரைக்கும் போய், "போயிட்டு வாரேங்க," என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.